உலர் வலயத்தின் நிலத்தோற்றமும் சுற்றுலாக் கவர்ச்சிகளும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்

இவ்வலகைக் கற்றபின் நீங்கள்
• உலர் வலயத்தையும் பாலைவனத்தையும் வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
• மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் நிலவுருக்களை மேற்கிலிருந்து கிழக்காக ஒழுங்குபடுத்தி விளக்குவீர்கள்.
• சுற்றுலாக் கவர்ச்சிகளை இயற்கை, பண்பாடு என வகைப்படுத்துவீர்கள்.
• சுற்றுலாவினால் நீர்வளத்துக்கு ஏற்படும் சிக்கல்களைக் காரண காரியத்துடன் எழுதுவீர்கள்.

அறிமுகம்

மாணவர்களே, 'வறண்ட நிலத்தின் சுற்றுலாக் கவர்ச்சிகள்' என்றவுடன் சகாராவின் மணற்குன்றுகளும் இராஜஸ்தானின் ஒட்டகச் சவாரியுமே பலருக்கு நினைவில் வரும். ஆனால் இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர் வலயமாகும். சிகிரியா, அநுராதபுரம், பொலன்னறுவை, வில்பத்து, யால, பாசிக்குடா ஆகிய யாவும் இவ்வலயத்திலேயே அமைந்துள்ளன. இப்பாடத்தில் உலர் வலயத்தின் கிழக்கு விளிம்பிலுள்ள மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை மாதிரியாக எடுத்துக் கற்போம். அதன் நடுவே வாவி சூழ்ந்த சிறு தீவாகிய புளியந்தீவு அமைந்துள்ளது.

1. உலர் வலயம் பாலைவனமா?

இவ்வினாவுக்கு விடையெழுதும்போது பலர் தவறுவதுண்டு. பின்வரும் எல்லைகளை மனத்தில் இருத்துங்கள்.

ஈர வலயம் – ஆண்டுச் சராசரி மழைவீழ்ச்சி 2500 மி.மீ. இற்கு மேல்
இடை வலயம் – 1750 மி.மீ. முதல் 2500 மி.மீ. வரை
உலர் வலயம் – 1750 மி.மீ. இற்குக் குறைவு
பாலைவனம் – பொதுவாக 250 மி.மீ. இற்குக் குறைவு

தார்ப் பாலைவனத்திலுள்ள ஜெய்சல்மேர் நகரம் ஆண்டுக்கு 200 மி.மீ. அளவு மழையையே பெறுகின்றது. மட்டக்களப்பு 1600 மி.மீ. இற்கு மேல் பெறுகின்றது. ஆகவே மட்டக்களப்பைப் பாலைவனம் என்றோ, மழையற்ற பிரதேசம் என்றோ எழுதுவது தவறாகும். இலங்கையில் மிகக் குறைந்த மழை பெறும் மன்னார், அம்பாந்தோட்டைப் பகுதிகளைக்கூட அரைவறள் பகுதிகள் என்றே குறிப்பிட வேண்டும்.

இங்கு ஒரு வினா எழும். இலண்டன் நகரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழையையே பெறுகின்றது. அதனை ஒருவரும் உலர்ந்த இடம் என்பதில்லை. அதனிலும் இரண்டரை மடங்குக்கு மேல் மழை பெறும் மட்டக்களப்பை மட்டும் உலர் வலயத்தில் சேர்ப்பது ஏன்? காரணங்கள் இரண்டு.

முதலாவது, மழையின் பரம்பல். இலண்டனில் மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கின்றது. மட்டக்களப்பிலோ மழையின் பெரும்பகுதி ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இரண்டாம் இடைப்பருவத்திலும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்திலும் பெய்து முடிகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை வறட்சியே நிலவும்.

இரண்டாவது, ஆவியாகல். வெப்பம் மிகுந்த இம்மாதங்களில் நிலத்திலிருந்தும் குளங்களிலிருந்தும் பெருமளவு நீர் ஆவியாகின்றது. கிடைக்கும் நீரிலும் இழக்கும் நீர் அதிகமாகின்றது.

கச்சான் காற்று: தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு மறுபுறம் இறங்குகின்றது. இறங்கும் உலர்ந்த வளி ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வெப்பமடைகின்றது. இவ்வாறு வெப்பமும் வறட்சியும் கொண்டு கிழக்குச் சமவெளியில் வீசும் காற்றையே மட்டக்களப்பு மக்கள் 'கச்சான்' என்பர். "மலைநாட்டில் கடும் மழை பெய்யும் காலத்தில் கிழக்குக் கரையில் வறட்சி நிலவுவது ஏன்?" என வினவப்பட்டால் இதனையே விளக்க வேண்டும்.

2. நிலத்தோற்றம்: மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குறுக்கு வெட்டு

மாவட்டத்தின் மேற்கு எல்லையிலிருந்து கடற்கரை வரை ஒரு நேர்கோட்டில் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து வகை நிலத்தோற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பீர்கள்.

அ. எஞ்சிய குன்றுகளும் காடும்
இப்பகுதியின் அடித்தளம் விஜயன் தொடரைச் சேர்ந்த மிகப் பழைய உருமாறிய பாறைகளாலானது. நீண்டகால அரிப்பினால் மென்மையான பாறைகள் தேய்ந்து சமவெளியாக, கடினமான பாறைகள் தனிக்குன்றுகளாக எஞ்சி நிற்கின்றன. குடும்பிமலை இதற்குச் சிறந்த உதாரணமாகும். தொலைவிலிருந்து பார்க்கும்போது கூந்தலைக் குடும்பியாக முடிந்தது போன்று தோன்றும். அவுஸ்திரேலியாவின் வறள் நிலத்திலே 348 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் உலூருவும் தனித்து எஞ்சிய ஒரு குன்றே. குன்றுகளைச் சூழ்ந்த உலர் கலப்புக் காட்டில் பாலை, முதிரை, வீரை, கருங்காலி முதலிய மரங்கள் வளர்கின்றன. யானைகளும் மான்களும் வாழ்கின்றன.

ஆ. குளங்களும் வயல்களும்
காட்டுக்குக் கிழக்கே உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி முதலிய குளங்களும் அவற்றின் கீழான வயல் நிலங்களும் பரந்துள்ளன. நான்கு மாத மழையைச் சேமித்து வறட்சிக் காலத்திலும் பயன்படுத்துவதற்கே இக்குளங்கள் அமைக்கப்பட்டன. பெரும்போகம் மழையை நம்பியும், சிறுபோகம் குளத்து நீரை நம்பியும் செய்கை பண்ணப்படுகின்றன. வாவியின் மேற்குக் கரையாகிய இவ்வயற்புறத்தை மக்கள் 'படுவான்கரை' என்பர். சூரியன் படும் திசையிலுள்ள கரை என்பது இதன் பொருள்.

இ. வாவி
மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே அம்பாறை மாவட்டத்தின் கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கி.மீ. நீண்டு கிடக்கின்றது. இதன் பரப்பு ஏறத்தாழ 140 சதுர கி.மீ. ஆகும். நீளம் மிகுந்தும் அகலம் குறைந்தும் ஆழமற்றும் காணப்படுவது இதன் இயல்பாகும். முந்தனை ஆறு, நவகிரி ஆறு முதலியன நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பாலமீன்மடுவுக்கு அருகிலுள்ள முகத்துவாரம், தெற்கே பெரிய கல்லாறு ஆகிய இரு வாய்களினூடாகக் கடல்நீர் கலக்கின்றது. ஆகவே இது உவர்நீர் வாவியாகும். கரையோரங்களில் கண்டற் காடுகள் வளர்ந்துள்ளன.

ஈ. மணற்றிட்டு
அலைகளும் கரையோர நீரோட்டமும் காவிவந்த மணல் நீண்ட திட்டாகப் படிந்து, வாவியைக் கடலிலிருந்து பிரித்துள்ளது. இம்மணற்றிட்டே 'எழுவான்கரை'. சூரியன் எழும் திசையிலுள்ள கரை என்பது பொருள். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி முதலிய மக்கள் செறிந்த ஊர்கள் இதன்மீது அமைந்துள்ளன.

உ. கடலும் முருகைக்கற் பாறைகளும்
மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் பாசிக்குடா, கல்குடா ஆகிய குடாக்கள் உள்ளன. பாசிக்குடாவில் முருகைக்கற் பாறை அலையின் வேகத்தைத் தடுப்பதனால் கடல் வெகுதூரம் வரை ஆழமற்று அமைதியாக இருக்கும். நீந்தத் தெரியாதவரும் இறங்கி நிற்கக்கூடிய கடற்கரை எனப் பெயர்பெற்றமைக்கு இதுவே காரணம்.

நினைவிற் கொள்க: குன்று – குளம் – வாவி – மணல் – கடல். இந்த ஒழுங்கில் எழுதினால் எதுவும் விடுபடாது.

3. சுற்றுலாக் கவர்ச்சிகள்

(I) இயற்கைக் கவர்ச்சிகள்

1. பாசிக்குடா, கல்குடா, கல்லடிக் கடற்கரைகள்.
2. வாவியும் கண்டற் காடும். படகுப் பயணத்துக்கும் பறவைகளைப் பார்ப்பதற்கும் உகந்தவை.
3. பாடும் மீன்கள். வறட்சிக் கால முழுநிலா இரவுகளில், கல்லடிப் பாலத்தருகே துடுப்பை நீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டால் இசை போன்ற ஒலி கேட்கும் என்பர். இவ்வொலி எந்த உயிரினத்தால் எழுகின்றது என்பது அறிவியல்ரீதியில் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. எனினும் 'மீன் பாடும் தேன்நாடு' என்ற பெயர் இதனாலேயே வழங்கலாயிற்று.
4. குடும்பிமலை, உன்னிச்சைக் குளம் முதலிய உள்நாட்டு இடங்கள். 1983ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்ட மாதுறு ஓயா தேசிய பூங்காவும் மேற்குப் புறத்திலுள்ளது.

(II) பண்பாட்டு, வரலாற்றுக் கவர்ச்சிகள்

1. மட்டக்களப்புக் கோட்டை: போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வசமாயிற்று. மாவட்டச் செயலகமாகிய கச்சேரி நீண்டகாலம் இக்கோட்டைக்குள்ளேயே இயங்கிவந்தது. வாவிக்கரையைக் கோட்டைக்குத் தெரிந்தமைக்கான புவியியற் காரணத்தைச் சிந்தியுங்கள். நீர் இயற்கையான காவலாகவும் படகுப் பாதையாகவும் அமைந்தது.
2. கல்லடிப் பாலம்: ஆங்கிலத் தேசாதிபதி மனிங் காலத்தில் 1924இல் அமைக்கப்பட்டு, அவரது மனைவியின் பெயரால் 'லேடி மனிங் பாலம்' எனப்பட்டது. அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது.
3. வெளிச்சவீடு: பாலமீன்மடுவில் 1913இல் கட்டப்பட்டது.
4. வழிபாட்டிடங்கள்: அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயம், படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயம், 'சின்னக் கதிர்காமம்' எனப்படும் மண்டூர் முருகன் ஆலயம், புளியந்தீவின் புனித மரியாள் பேராலயம், காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் ஆகியன.
5. கல்வி மரபு: மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கு வந்து கல்விப்பணி தொடங்கினார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அவ்வாண்டையே தன் தொடக்க ஆண்டாகக் கொள்கின்றது. யாழ் நூலின் ஆசிரியரான சுவாமி விபுலாநந்தரின் சமாதி கல்லடி உப்போடையில் உள்ளது.
6. கடலடிச் சிதைவு: பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் இதனைப் பார்க்கத் தேர்ச்சிபெற்ற சுழியோடிகள் வருவதுண்டு. பலர் உயிர்நீத்த இடமாதலால் இது ஒரு நினைவிடமுமாகும்.

குறிப்பு: 'கவர்ச்சிகளைத் தருக' என்ற வினாவுக்குப் பெயர்கள் போதும். 'விளக்குக' என்ற வினாவுக்கு ஒவ்வொன்றுக்கும் காரணமும் உதாரணமும் எழுத வேண்டும்.

4. வறட்சியும் சுற்றுலாப் பருவமும்

ஒரே தீவாயினும் இலங்கையின் இரு கரைகளுக்கும் சுற்றுலாப் பருவம் வேறானது. தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டை, ஹிக்கடுவ ஆகியவற்றுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலம் உகந்தது. அப்பொழுது கிழக்கில் வாடைக்காற்று வீசும், கடல் கொந்தளிக்கும். ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கில் கடல் கொந்தளிக்க, கிழக்கில் கடல் அடங்கியிருக்கும். பாசிக்குடாவிலும் அம்பாறை மாவட்டத்தின் அறுகம்பையிலும் பயணிகள் நிறைவது இக்காலத்திலேயே. ஆகவே இரு கரைகளும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல, துணையாகும்.

எனவே உலர் வலயத்தின் வறட்சி வேறு வேறு தொழிலாளருக்கு வேறு வேறு பொருள் தருகின்றது. உன்னிச்சைக் குளத்தின்கீழ் சிறுபோகம் செய்யும் விவசாயிக்கு யூலை மாதம் நீர்த் தட்டுப்பாட்டுக் காலம். பாசிக்குடா விடுதியில் வேலை செய்யும் இளைஞனுக்கு அதுவே வருமானக் காலம். இருவரும் ஒரே குடும்பத்தவராகவும் இருக்கலாம்.

5. சிக்கல்கள்

அ. நன்னீர்ப் பற்றாக்குறை
மணற்றிட்டின் அடியில் மழைநீர் இறங்கித் தங்கியுள்ளது. உப்புநீரிலும் அடர்த்தி குறைந்த இந்நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. ஊர்க் கிணறுகள் இப்படையிலிருந்தே நீர் பெறுகின்றன. மழையற்ற மாதங்களில் இப்படை மெலிகின்றது. விடுதிகளில் நீர்த்தேவை உச்சமடைவதும் அதே மாதங்களில்தான். குளியலறைக்கும் நீச்சற் தடாகத்துக்கும் புற்றரைக்கும் அளவுக்கு மீறி நீரை இறைத்தால், கீழிருக்கும் உப்புநீர் மேலெழுந்து கிணற்று நீர் உவராகிவிடும். அவ்வாறு உவர்த்த கிணறு மீளப் பல மழைக்காலங்கள் தேவைப்படலாம். விடுதிக்கு வந்தவர் சில நாள்களிற் போய்விடுவார். அக்கிணற்றை நம்பியவர் அங்கேயே வாழ்பவர்.

ஆ. முகத்துவாரம் வெட்டுதல்
வறட்சிக் காலத்தில் அலைகள் குவிக்கும் மணலால் வாவியின் வாய் மூடிக்கொள்ளும். மாரியில் ஆறுகள் பெருகும்போது நீர் வெளியேற வழியின்றி வாவி நிரம்பி, படுவான்கரை வயல்களும் தாழ்ந்த குடியிருப்புகளும் மூழ்கும். எனவே மணற்றடையை வெட்டிவிடுவது வழக்கம். எப்போது வெட்டுவது என்பதே சிக்கலாகும். நெற்பயிர் நீரில் நிற்கும் விவசாயி உடனே வெட்ட வேண்டும் என்பார். காலந்தாழாது வெட்டினால் பயிர் தப்பும் என்பது அவரது நியாயம். மீனவர் பொறுக்கச் சொல்வர். முன்கூட்டியே வெட்டினால் வாவியின் நீர்மட்டம் சட்டென இறங்கி, மீனும் நீரோடு கடலுக்குப் போய்விடும் என்பது அவர்களது நியாயம். வாய் திறந்த பின்னரே கடலிலிருந்து இறாற் குஞ்சுகள் உள்ளே வரும் என்பதும் உண்மை. பரீட்சையில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதாதீர்கள். இரு தரப்பு நியாயத்தையும் எழுதி, நீர்மட்டத்தை அளந்து இரு தரப்பாரையும் கலந்து முடிவெடுத்தல் என்ற தீர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இ. இயற்கை அனர்த்தங்கள்
1978 நவம்பர் 23ஆந் திகதிய சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கின. மணற்றிட்டு தாழ்ந்ததும் ஒடுங்கியதுமாகையால் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் மக்களை நெருக்கின. கண்டற் காடுகளை வெட்டி அழிக்காது பேணுதல், கடற்கரையிலிருந்து விலகிக் கட்டடம் அமைத்தல், வெளியேறும் வழிகளைக் குறித்து வைத்தல் என்பன தணிப்பு வழிகளாகும்.

ஈ. பாதுகாப்பும் பொருளாதாரமும்
2009இல் போர் முடிந்த பின்னரே பாசிக்குடாவில் பெரும் விடுதிகள் எழுந்தன. 2019 ஏப்ரல் 21ஆந் திகதிய குண்டுத் தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்றாகத் தாக்கப்பட்டது. சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து கொவிட் தொற்றும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்தன. இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் தொகையைப் பாருங்கள்.

2018 – 2,333,796
2019 – 1,913,702
2020 – 507,704
2021 – 194,495
2022 – 719,978
2023 – 1,487,303
2024 – 2,053,465

சுற்றுலாவை மட்டும் நம்பிய குடும்பத்தின் நிலையை இவ்வெண்களிலிருந்து உணரலாம். வயலும் மீன்பிடியும் நெசவும் கைவிடப்படாதிருக்க வேண்டியதன் காரணமும் இதுவே.

உ. பண்பாட்டை மதித்தல்
உலூருக் குன்று அனங்கு மக்களின் புனித இடமாகும். அவர்களது வேண்டுகோளின்படி 2019 ஒக்டோபர் 26 முதல் அதன்மீது ஏறுவது தடைசெய்யப்பட்டது. பயணிகள் கீழே நின்று பார்ப்பதும் சுற்றி நடப்பதும் தொடர்கின்றன. வழிபாட்டிடங்கள் நிறைந்த எமது பிரதேசத்துக்கும் இவ்வுதாரணம் பொருந்தும். காண வருபவரின் விருப்பத்துக்கு முன், அங்கு வாழ்பவரின் மதிப்பு பேணப்பட வேண்டும்.

6. மாதிரி வினா விடைகள்

வினா 1: உலர் வலயத்துக்கும் பாலைவனத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
விடை: (i) பாலைவனம் பொதுவாக 250 மி.மீ. இற்குக் குறைந்த மழை பெறும். இலங்கையின் உலர் வலயம் அதனிலும் பன்மடங்கு மழை பெறும். (ii) பாலைவனத்தில் ஆண்டு முழுவதும் நீர்ப் பற்றாக்குறை நிலவும். உலர் வலயத்தில் தெளிவான ஒரு மழைக்காலம் உண்டு. அதனால் காடும் நெற்செய்கையும் நிலைபெற்றுள்ளன.

வினா 2: பாசிக்குடாவுக்குச் செல்ல யூன் மாதம் உகந்ததாகவும் டிசம்பர் மாதம் உகந்ததல்லாததாகவும் இருப்பது ஏன்?
விடை: யூனில் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று மலைநாட்டில் மழையை இழந்து கிழக்கை உலர்ந்த காற்றாக அடைவதால் மழை குறைவு, கடலும் அமைதியானது. டிசம்பரில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று கடலிலிருந்து நேரே கிழக்குக் கரையைத் தாக்குவதால் மழையும் அலையும் மிகும்.

வினா 3: மேலுள்ள தரவின்படி 2018 இலிருந்து 2020 வரை பயணிகள் தொகை எத்தனை வீதத்தால் குறைந்தது?
விடை: 2,333,796 – 507,704 = 1,826,092. இதனை 2,333,796 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க, ஏறத்தாழ 78 வீதம். அடிப்படை ஆண்டாகிய 2018இன் தொகையாலேயே வகுக்க வேண்டும். 2020இன் தொகையால் வகுத்தால் விடை பிழைக்கும்.

வினா 4: "சுற்றுலா விடுதிகள் பெருகுவது கரையோர மக்களுக்கு நன்மையே." ஆராய்க.
விடைக்குரிய குறிப்புகள்: நன்மைகள் – வேலைவாய்ப்பு, மீன், மரக்கறி, கைப்பணிப் பொருள்களுக்குச் சந்தை, வீதி வசதி. தீமைகள் – நன்னீர்ப் படை உவராதல், கழிவு வாவியிற் சேர்தல், மீனவரின் தோணி இறங்குமிடங்கள் சுருங்குதல், பருவகால வருமானம் மட்டும் கிடைத்தல். முடிவு – மழைநீர் சேமிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, உள்ளூரவருக்கு வேலை ஆகிய நிபந்தனைகளுடன் வளர்ச்சி.

7. படப் பயிற்சி

இலங்கைப் புறவுருவப் படத்தில் பின்வருவனவற்றைக் குறித்துப் பெயரிடுக: மட்டக்களப்பு, பாசிக்குடா, அறுகம்பை, மாதுறு ஓயா, அநுராதபுரம், வில்பத்து, யால, மன்னார்.

குறிக்கும்போது மட்டக்களப்பைத் திருகோணமலைக்குத் தெற்கேயும், பாசிக்குடாவை மட்டக்களப்புக்கு வடக்கேயும், அறுகம்பையை மட்டக்களப்புக்குத் தெற்கேயும் இடுங்கள். வாவியைக் கடற்கரைக்கு இணையான ஒடுங்கிய கோடாக வரையுங்கள். வட்டமாக வரைந்தால் அது ஏரியாகிவிடும்.

செயற்பாடு: உங்கள் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை மார்ச் முதல் செப்டெம்பர் வரை மாதம் ஒருமுறை அளந்து, வரைபாக வரையுங்கள். நீர்மட்டம் எந்த மாதத்தில் மிகத் தாழ்கின்றது, அம்மாதத்தில் ஊரில் நீரை அதிகம் பயன்படுத்துவோர் யார் என்பவற்றை இரண்டு வாக்கியங்களில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.